முப்பத்தைந்தா, எண்பத்தைந்தா

மகள் பிறந்த நாலாம் மாதம் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். கூட ஒரே ஒரு லென்ஸ் வாங்கத்தான் கையில் காசு இருந்தது. முப்பத்தைந்து எம்எம்மா, எண்பத்தைந்து எம்எம்மா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இரண்டுமே ப்ரைம் லென்ஸ், ஜூம் கிடையாது. படத்தில் கூடுதலாக யாராவது வர வேண்டுமானால் எடுப்பவன்தான் பின்னால் நடக்க வேண்டும். முப்பத்தைந்தில் அறை முழுக்க விழும். எண்பத்தைந்தில் முகம் மட்டும் துல்லியமாக நிற்கும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். அந்தக் கரைசல்மேல் எனக்குப் பித்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்திலிருந்து மூன்று பேரும் பஸ் ஏறி விழுப்புரம் போனோம். கடைக்காரர் நல்ல மனுஷன். இரண்டு லென்ஸையும் கொடுத்து, வாசலில் நின்று எடுத்துப் பார்க்கச் சொன்னார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி நின்றாள். முப்பத்தைந்தில் அவளும் விழுந்தாள், குழந்தையும் விழுந்தது, பின்னால் தர்பூசணி விற்றவர் விட்ட கொட்டாவியும் விழுந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். எண்பத்தைந்தில் குழந்தையின் இமைமுடியை எண்ணலாம் போலிருந்தது.

"வீடே இம்மாத்துண்டு. இத்த வச்சிக்கினு எங்க நின்னு எடுப்பீங்க? அந்த மொத லென்சயே வாங்கிடுங்க, எல்லாருமா வுழுவோம்" என்றாள்.

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒற்றைக்காலில் நின்று எண்பத்தைந்தை வாங்கினேன். திரும்பி வரும்போது அவள் குழந்தையின் தடுப்பூசியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

அவள் சொன்னபடிதான் ஆயிற்று. எங்கள் அறையில் குழந்தையை முழுசாக எடுக்க நான் தெருவில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. பைக்கில் போகிறவர்கள் திட்டுவார்கள். எதிர்வீட்டு அக்கா, காலை நேரம் பார்த்து எனக்கு ஒரு முக்காலி போட்டுவைக்க ஆரம்பித்தார். கேமராப் பையைத் தொட்டாலே குழந்தை வாசல் பக்கம் திரும்பிவிடும், அப்பா வெளியே போகப் போகிறார் என்று அதற்குத் தெரியும். மயிலத்துப் பக்கம் மாமியார் வீட்டிலிருந்து வந்த வேர்க்கடலையை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அவித்து, குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு மனைவி உரித்துக்கொண்டிருப்பாள். நான் தெருவில் மண்டியிட்டிருப்பேன். அந்தக் காலைகளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

போன வாரம் உறவுக்காரர் ஒருவர் மகளிடம், நீ பிறந்த புதிதில் உன் அம்மா முகம் அச்சாக உன் முகம் மாதிரிதான் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் இப்போது நான்காம் வகுப்பு. அப்போதைய அம்மாவைக் காட்டு என்று பிடித்துக்கொண்டாள். கல்யாண ஆல்பத்தில் இருப்பது மேக்கப் போட்ட யாரோ ஒருத்தி. போனில் எடுத்தவை அந்தப் போனோடு போயின. லேப்டாப்பைத் திறந்து எண்பத்தைந்தில் எடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். எல்லாவற்றிலும் மகள் பளிச்சென்று இருந்தாள். அவளைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் தெளிவாக இருந்தன. அதற்குப் பின்னால் ஒரு மஞ்சள் கரைசல், அடுத்ததில் ஒரு பச்சைக் கரைசல்.

"இதுல அம்மா எங்கப்பா?" என்றாள். கரைசலைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய் விளையாட ஓடிவிட்டாள்.

எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. மனைவி தெளிவாக விழுந்த படங்களை நான் எடுக்காமல் இல்லை. சில சமயம் ஃபோகஸ் குழந்தையை விட்டு நழுவி அவள்மேல் போய் விழும். கலைந்த முடியோடு, தூக்கக் கண்ணோடு, எதற்கோ சிரித்தபடி இருப்பாள். நான் "சே, போச்சு" என்று சொல்லி அங்கேயே அழித்துவிடுவேன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அவளிடம் அதைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவள் கேப்பை மாவைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"தெரியும். நீங்க அழிக்கிறப்பல்லாம் நான் எதிர்லதான குந்திக்கினு இருந்தேன்" என்றாள்.