பின்பக்கத்துப் பெயர்கள்

என்னைக் கைவிடாத ஆண்டவருக்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். இது என் கணவர் கடலிலிருந்து உயிரோடு திரும்பிய சாட்சி. என்னுடைய தப்பையும் சேர்த்தே சொல்கிறேன். அற்புதத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது பாதிச் சாட்சிதான்.

எங்கள் ஊர் மணமேல்குடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிறது. என் கணவர் சாலமோன், பக்கத்துத் தெரு காதர் அண்ணன், முருகேசன் மூன்று பேரும் ஒரே பைபர் படகில் நண்டு வலைக்குப் போகிறவர்கள். போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை, விடிவதற்கு முன்னால் போனவர்கள் ஒன்பது மணிக்குள் கரைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அன்று விழுந்த பனிமூட்டம் அப்படி. எப்பேர்ப்பட்ட தைப்பனியும் எட்டு மணி வெயிலுக்கு ஓடிவிடும். அன்று பதினோரு மணியாகியும் அது நகரவில்லை. தண்ணீரில் அலையே இல்லை. நண்டு ஓட்டுக்கு அடித்துக்கொள்ளும் காக்காய்களில் ஒன்றைக்கூடக் காணோம். பத்தடிக்கு அப்பால் கடல் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. மூன்று பேர் போனும் கிடைக்கவில்லை. தேடிப் போன படகு வழி தெரியாமல் பாதியில் திரும்பிவிட்டது. நீரோட்டம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனால் இலங்கை எல்லை.

எங்கள் சபையில் ஒரு ஜெப நோட்டு உண்டு. ஏழு வருஷமாக அதை எழுதுகிறவள் நான். முன்பக்கத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்களின் பெயர்கள். அவர்களுக்கு நோய், ஆபத்து எதுவானாலும் ஜெபிப்போம். பின்பக்கம் வெளியே இருக்கிறவர்களுக்கு. அவர்களுக்கு ஒரே ஜெபம்தான், மனம் திரும்ப வேண்டும் என்று. காய்ச்சல் என்றாலும் அதுதான், கால் ஒடிந்தாலும் அதுதான். போதகர் ஐயா கெட்டவர் இல்லை. ஆத்துமா தப்பாமல் உடம்பு மட்டும் தப்பி என்ன பிரயோஜனம் என்று நிஜமாகவே கவலைப்படுகிறவர். நான் அவரைவிடக் கறார். பின்பக்கத்துப் பெயர் ஒன்று தவறி முன்பக்கம் வந்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்துவிடுவேன்.

அன்று பன்னிரண்டு மணிக்குச் சபையில் கூடினோம். காதர் அண்ணன் மனைவி ஜமீலா வாசலில் வந்து நின்றாள். அதுவரை அவள் அந்த வாசலை மிதித்ததில்லை. தன் வீட்டுக்காரர் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதினேன், பின்பக்கத்தில். முருகேசன் பெயரை அதற்குக் கீழே எழுதினேன். பிறகு நோட்டைத் திருப்பி, முன்பக்கத்தில் ‘சாலமோன், பத்திரமாகக் கரைசேர’ என்று போட்டேன். எதற்குத் திருப்பினேன் என்று அவள் கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். எனக்கு அதில் வெட்கமும் இல்லை.

அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

“படகு ஒன்னுதானக்கா? ஒங்க வீட்டுக்காரர மட்டும் எப்புடிக்கா கரையில கொண்டாந்து விடுவாரு ஒங்க சாமி?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஜெபத்துக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அந்த வாரம் முழுக்க உபவாச ஜெபத்தில் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போயிருந்தது. பேசினால் காற்றுதான் வந்தது. மற்றவர்கள் சத்தமாக ஜெபிக்க, நான் மனதுக்குள் சாலமோன், சாலமோன் என்று அந்த ஒரு பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. கரைக்கு ஓடினேன். ஜமீலா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். கூப்பிடலாமென்று வாயைத் திறந்து பார்த்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மணிவாக்கில் எஞ்சின் சத்தம் நாலு பக்கமும் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது. பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நேர் எதிரே, பனிக்குள்ளிருந்து படகின் மூக்கு வெளியே வந்தது. மூன்று பேரும் இருந்தார்கள்.

சாலமோன் இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார். “எப்புடி புள்ள அம்புட்டு தூரத்துக்குக் கத்துன?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னது இதுதான். ஜிபிஎஸ் பெட்டி அணைந்துவிட்டது. பெட்ரோல் கொஞ்சம்தான் மிச்சம். எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் காதர் என்று கூப்பிட்டிருக்கிறது. அண்ணன் பதில் கொடுக்க வாயெடுத்தார். முருகேசன் அவர் வாயைப் பொத்திவிட்டார். ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் எங்கள் பக்கம் யாரும் ‘ஏன்’ என்று பதில் கொடுக்க மாட்டார்கள். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனிதர் என்பது கணக்கு. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். அடுத்து முருகேசன் பெயர் வந்தது. கடைசியில்தான் சாலமோன். மறுபடி காதர், முருகேசன், சாலமோன். மூன்றாவது சுற்றில் என் கணவர், இது என் பெண்டாட்டி தொண்டை என்று சொல்லி எஞ்சினைப் போட்டாராம். நடுநடுவே நிறுத்திக் காது கொடுப்பது, குரல் வந்த பக்கம் ஓட்டுவது. கரை தட்டும்வரை அது கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

நான் கத்தவில்லை என்று சொல்லக்கூட எனக்குக் குரல் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஜமீலாதான் சொன்னாள்.

“அக்காவுக்குப் பேச்சே வரலண்ணே. நான் பக்கத்துலதான நிக்கிறேன்.”

முருகேசன் திரும்பிக் கடலைப் பார்த்தார். அங்கே வெள்ளையாக அந்தப் பனிதான் நின்றது.

ஐந்து நாள் கழித்து எனக்குத் தொண்டை திறந்தது. ஆனால் பேசப் பயமாக இருந்தது. என் குரலைக் கேட்டால் எனக்கே உடம்பு சிலிர்த்தது. நான் இல்லாத இடத்துக்கு என் குரல் போய், நான் முன்பக்கத்தில் எழுத மறுத்த பெயர்களைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. போதகர் ஐயா, வஞ்சிக்கிற ஆவியாக இருக்கலாம், ஜாக்கிரதை என்றார். பயந்துபோய் அதையும் யோசித்தேன். கெடுக்க வந்தது எதற்காக மூன்று வீட்டு ஆளையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும் என்று அவரிடமே கேட்டேன். அவர் இன்றுவரை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நோட்டை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஜமீலா வீட்டுக்குப் போய், உன் வீட்டுக்காரர் திரும்பி வர வேண்டுமென்று நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று சொல்லி அழுதேன். தெரியும் என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். உடனே மன்னித்துவிட்டாள் என்று சொன்னால் பொய். நான்கு மாதம் கழித்துத்தான் பழையபடி பேசினாள்.

இயேசு ஒருவரே வழி என்று நேற்றும் விசுவாசித்தேன், இன்றும் விசுவாசிக்கிறேன். அந்த வழியில் யார் வரலாம் என்று பார்த்து விடுகிற வேலையை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். இப்போது காலையில் ஜெபிக்கும்போது காதர் அண்ணன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். என் கணவர் பெயர் கடைசியில் வரும்.

பிரியமானவர்களே, நீங்களும் ஏதோ ஒரு பெயரை ஜெபத்தில் சொல்லாமல் தள்ளி வைத்திருப்பீர்கள். இன்றைக்கு அதைச் சொல்லுங்கள், நம்பிச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் ஆண்டவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். உங்கள் குரலிலேயே கூப்பிடுவார்.