சதுரப் பெட்டி

ஜப்பானிலிருந்து பழைய ஜாஸ் இசைத்தட்டுகளை வரவழைப்பது என் பைத்தியம். காக்களூரில் வால்வு கம்பெனியில் வேலை. வீட்டில் யாருக்கும் அந்த இசை பிடிக்காது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகத்தான் கேட்பேன். போன வருடம், அனுப்பும் செலவும் சுங்கவரியும் தட்டின் விலையையே தாண்டிவிட்டன.

பெட்டியைக் கொண்டுவந்த கூரியர் பெண்ணிடம் வரியைக் கட்டும்போது எரிந்து விழுந்தேன். "இதாம்மா கடைசி. இனிமே இந்த ஊட்டுக்குச் சதுரப் பெட்டி வராது."

அவள் சிரித்தாள். "இன்னா சார் நீங்க! இங்கயே பெரியகுப்பத்துல ஒரு டீச்சர் கீறாங்க. அவங்களும் இதே மாரி பெட்டிய வாங்கிக்கினு இதே மாரிதான் பொலம்பறாங்க. ரெண்டு பேரும் சேந்து ஒரே பெட்டியில வரவச்சா இன்னா?"

இந்த ஊரில் இன்னொருவரா?

டீச்சரிடம் சம்மதம் கேட்டு, அவர் நம்பரை அவளே வாங்கிக் கொடுத்தாள். இப்போது இருவருடைய தட்டுகளும் ஒரே பெட்டியில் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் அவர் கணவரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பெட்டியைப் பிரித்ததும், எந்தத் தட்டை முதலில் போடுவது என்று சண்டைதான்.

செலவு ஏறியதை இன்றும் திட்டத்தான் செய்கிறேன். ஆனால் அது ஏறாமல் இருந்திருந்தால், இன்னும் அந்த ஹெட்போனுக்குள்ளேயே இருந்திருப்பேன்.