சுவையூட்டிக்குள் என்ன இருந்தது?

அன்று வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். ஒபீஸ் போன் விடாமல் அடித்ததால் பெக்கிங் செக்‌ஷனிலிருந்து நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

"மரவள்ளி சிப்ஸ் போடுற இடம்தானே?"

"ஓம், சொல்லுங்க."

"உங்கட மசாலா சிப்ஸ் பக்கற்றில மரவள்ளிக்கிழங்கு, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், சுவையூட்டி எண்டு போட்டிருக்கு. அந்தச் சுவையூட்டிக்குள்ள என்ன இருக்கு?"

புத்தளத்துக்கு வெளியே, பாலாவிப் பக்கம் இருந்த ஒரு சின்னத் தொழிற்சாலையில் அப்போது நான் பெக்கிங் சூப்பர்வைசர். சுவையூட்டி என்பது கொழும்பிலிருந்து மூட்டையில் வரும் ஒரு செம்மஞ்சள் தூள். பொரித்த சிப்ஸில் அதைத் தூவிக் கிளறுவோம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அதையே அவரிடம் சொன்னேன்.

"பரவாயில்லக்கா. தெரிஞ்ச ஆக்களிட்டக் கேட்டுச் சொல்ல ஏலுமா? இது எங்கட பிள்ளைட விசயம்."

அவர் பெயர் செல்வராசா. உடப்பில் கடல்தொழில். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் துளசிக்குப் பல மாதங்களாக உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்றுவலி. கிளினிக் டொக்டர் ஐந்து சாமான்களைச் சந்தேகப்பட்டிருக்கிறார். கோதுமை, பால், முட்டை, சோயா, கச்சான் என்கிற நிலக்கடலை. ஐந்தையும் முற்றாக நிறுத்த வேண்டும். உடம்பு தேறிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிடிக்க வேண்டும். அவர்கள் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். பிள்ளைக்கும் சுகமாகி வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கொறிக்கும்போது இவளும் எதையாவது கொறிக்கட்டுமே என்று, கடைகடையாக லேபிள் வாசித்து எங்கள் பக்கற்றைத் தெரிவு செய்திருக்கிறார். தின்னத் தொடங்கிச் சில நாட்களில் தடிப்பு திரும்பி வந்துவிட்டது.

"புதுசா என்ன குடுத்தீங்க எண்டு டொக்டர் கேக்கிறா. நான் மரவள்ளி எண்டு சொல்லுறதா, மிளகாய் எண்டு சொல்லுறதா? பிழையாச் சொன்னா, பிள்ளை காலம் முழுக்கத் தேவையில்லாம ஒரு சாப்பாட்டை விடவேண்டி வருமே."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கொழும்புக்கு ஒரு போன் கோல்

எங்கள் முதலாளி ரஹீமா ராத்தா. ராத்தா என்றால் மூத்த சகோதரி. சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து, ஒரு தாச்சிச் சட்டியை வைத்துப் பொரிக்கத் தொடங்கியவர். நான் விசயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், தொழுகை முடிந்து வந்த சேல்ஸ் மனேஜர் நஸீர் குறுக்கே வந்தார்.

"ராத்தா, இத நாம கிளறப்போனா நாளைக்கு எல்லாக் கடைக்காரனும் கேப்பான். அனுமதிச்ச சாமான்தான் போடுறம் எண்டு சொல்லி விட்டுடுவம்."

"அந்த மனிசன் அனுமதி இரிக்கா எண்டு கேக்கல்லையே நஸீர். என்ன இரிக்கி எண்டுதானே கேட்டார்?"

அப்போதே கொழும்பிலிருந்த தூள் சப்ளையருக்குப் போன் எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், அது எங்கட போர்மியூலா. வெளியில சொல்ல ஏலாது," என்றது அந்தப் பக்கக் குரல்.

"போர்மியூலா எனக்கு வேணாம். எவ்வளவு போடுறீங்க எண்டும் வேணாம். கோதும இரிக்கா, பால் இரிக்கா, முட்ட இரிக்கா, சோயா இரிக்கா, கச்சான் இரிக்கா? அஞ்சுக்கும் ஓம், இல்ல எண்டு மட்டும் சொல்லுங்க. சொல்லேலாட்டி இனி உங்கட தூள் எனக்குத் தேவல்ல."

மறுநாள் பதில் வந்தது. தூளைச் சேர்த்துப் பிடிக்கக் கோதுமை மா, ருசிக்குப் பால்மா. மற்ற மூன்றும் இல்லை.

செல்வராசாவிடம் சொல்ல ராத்தாவே பேசினார். சொன்னதோடு விடாமல், "நேரம் கிடைச்சா வாங்க தம்பி, நாங்க பொரிக்கிற இடத்தயும் ஒருக்காப் பாருங்க," என்றார். நஸீரின் முகம் போன போக்கை எழுத முடியாது.

தாச்சிக்குப் பக்கத்தில்

செல்வராசா வந்த அன்று நானும் கூடப் போனேன். கறுத்து மெலிந்த மனிதர். பொரிக்கும் அறை வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரைத் தடுத்து, தலைக்குத் தொப்பி போடக் கொடுத்தோம். ராத்தா கிழங்கு சீவுவதிலிருந்து பக்கற் ஒட்டுவது வரை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"அப்ப தூள் போடாத உப்பு சிப்ஸ் பிள்ளைக்குக் குடுக்கலாந்தானே?" என்று செல்வராசா கேட்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

நஸீர் உடனே, "ஓம் ஓம், அதில ஒண்டுமில்ல," என்றார்.

ராத்தா தாச்சியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இல்ல தம்பி, குடுக்காதீங்க. இந்த எண்ணெயிலதான் நாங்க பகோடாவும் பொரிக்கிறம். அதுக்குக் கோதும மா சேரும். உப்பு சிப்ஸிலயும் அது பட்டிரிக்கும்."

யாரும் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் அது. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. செல்வராசா தாச்சியை எட்டிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"நல்ல காலம் சொன்னீங்க அக்கா," என்றார் அவர். "நான் போற வழியில வாங்கிக்கொண்டு போக இருந்தனான்."

அடுத்த கிழமையே உப்பு சிப்ஸுக்குத் தனித் தாச்சி, தனி எண்ணெய், தனி மேசை வந்தன. கடைகளில் கிடந்த மசாலா பக்கற்றுகளைத் திருப்பி எடுத்து, 'கோதுமை, பால் அடங்கியது' என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தோம். கற்பிட்டி றோட்டில் கடைகடையாக நஸீரோடு நானும் வேனில் போனேன். ஆலங்குடாவில் ஒரு கடைக்காரர் பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது, மருந்துப் போத்தல் மாதிரி எழுதி ஒட்டியிருக்கீங்க? ஆக்கள் பயந்துடுவாங்க."

சில கடைகள் ஓடரைக் குறைத்தன. நஸீர் அதை ராத்தாவிடம் கொண்டுபோனார்.

"பயப்பட வேண்டிய ஆக்கள் பயப்படட்டும், நஸீர். மத்தவங்க தின்னட்டும்," என்றார் அவர். ஸ்டிக்கரை எடுக்கவில்லை. அடுத்த முறை லேபிள் அடிக்கும்போது அதையே பெரிய எழுத்தில் அடிக்கச் சொன்னார்.

முடிவு

துளசியின் டொக்டருக்குச் சந்தேகம் தீர்ந்தது. மரவள்ளியையும் மிளகாயையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். உடம்பு மறுபடி தேறிய பிறகு, அவர் சொன்னபடி ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அது மாதக் கணக்கில் இழுத்தது. அவ்வளவு காலமும் அந்தத் தகப்பனும் தாயும் வாசிக்காமல் ஒரு பக்கற்றையும் வீட்டுக்குள் விடவில்லை.

ஒருநாள் செல்வராசாவிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"பால்தான் அக்கா. பால் மட்டுந்தான். மற்றதெல்லாம் ஒத்துக்கொண்டுட்டுது. இண்டைக்குப் பாணும் சம்பலும் சாப்பிட்டுட்டுப் பள்ளிக்குப் போயிட்டா."

"பாணில பால் சேக்கிறதில்லையா தம்பி?"

"பேக்கரியில கேட்டுத்தான் வாங்கினன்," என்று சிரித்தார்.

நான் போய்ச் சொன்னதும் ராத்தா, "அல்ஹம்துலில்லாஹ்," என்று இறைவனைப் புகழ்ந்து கதிரையில் சாய்ந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் அடுத்த நிமிடமே நிமிர்ந்து, "புது மிளகாய்த்தூள் வந்திரிக்கே, அதுக்குள்ள வேற என்ன கலந்திரிக்கி எண்டு விசாரிச்சீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

பக்கத்து மேசையிலிருந்து நஸீர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நான் நேத்தே கேட்டுட்டன் ராத்தா."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். லேபிளில் ஒரு சொல்லை அடிப்பதற்கு முன், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த லேபிளைக் கையில் வைத்து எழுத்தெழுத்தாக வாசிக்க எங்கோ ஒரு தகப்பன் இருப்பான். நாம் எழுதியதை நம்பித்தான் அவன் பிள்ளைக்குப் பக்கற்றை உடைத்துக் கொடுப்பான்.