சட்டியில் இருந்த மீன்

எங்கள் திரேஸ்புரத்தில் "என்ன சாப்பிட்டீங்க?" என்று யார் கேட்டாலும், அன்று வீட்டில் வைத்த குழம்பைத்தான் சொல்வோம். பெண்களின் சாப்பாட்டைப் பற்றிக் கணக்கெடுக்க வந்த நர்ஸிடமும் அப்படியே சொன்னேன்: சாளை மீன் குழம்பு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை. பதினாறு வயது மகள் ஸ்டெல்லாவும் அதையே ஒப்பித்தாள். இருவருக்கும் ரத்தம் எடுத்துப் போனார்.

மறுவாரம் பதறிக்கொண்டு வந்தார்.

"யக்கா, இவ்வளவும் சாப்பிடுத உடம்புல ரத்தம் இப்படியா இருக்கும்? பன்னெண்டாவது இருக்கணும்; உங்களுக்கு ஏழு பாயிண்ட், பிள்ளைக்கு அஞ்சுதான். உங்க தட்டுல நெசமா என்ன இருந்துச்சு?"

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். மீனும் முட்டையும் கணவருக்கும் மகன்களுக்கும் போய்விடும். எனக்குச் சோறும், சட்டியில் மிஞ்சிய குழம்பும், ஒரு டீயும்தான்.

"நீ ஏம்ளா மீன் எடுக்கல?" என்று மகளைக் கேட்டேன்.

"நீ எடுக்காம நான் மட்டும் எப்படிம்மா எடுப்பேன்?"

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் ஏற்றியபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது குழம்பை இறக்கியதும் எங்கள் இருவர் தட்டிலும்தான் முதலில் மீன் வைக்கிறேன். ஆனாலும், நான் ஒரு துண்டு பிட்டு வாயில் வைக்கும்வரை அவள் தன் தட்டைத் தொடுவதில்லை.

- ஒரு வாசகி, தூத்துக்குடி