போனில் பேசாத சிநேகிதி

பி.எட். படித்த வருடம் பயிற்சிக்காக எனக்கு ஒதுக்கப்பட்ட பள்ளி, கிழக்கேகோட்டை பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. பெண்கள் பள்ளி. பெரும்பாலானவர்கள் மலையாளத்தில் படித்தார்கள். தமிழில் படிக்க வகுப்புக்கு ஒரு பிரிவு மட்டும் மிச்சமிருந்தது. கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலை பார்க்க நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் அதில் படித்தார்கள். அதே நகரத்தில், ஸ்ரீவராகத்தில் பிறந்து வளர்ந்து வீட்டில் தமிழ் பேசுகிறவள் என்பதால் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவை எனக்குக் கொடுத்தார்கள்.

பாடம் நடத்துவதோடு, பள்ளிக்கும் ஊருக்கும் உபயோகமான ஒரு பணியை நாங்கள் ஒவ்வொருவரும் செய்து காட்ட வேண்டும் என்று கல்லூரியில் விதி இருந்தது. என்னோடு வந்தவர்கள் காய்கறித் தோட்டம், பிளாஸ்டிக் ஒழிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் இணையப் பாதுகாப்பை எடுத்தேன். தெருவுக்குத் தெரு நெட் கஃபே முளைத்துக்கொண்டிருந்த காலம். பிள்ளைகள் ட்யூஷன் என்று சொல்லிவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருந்தேன். கல்லூரியில் என்னை வழிநடத்திய பேராசிரியை, இதை யாருமே சொல்லிக்கொடுப்பதில்லை, நீ சொல்லிக்கொடு என்று மலையாளத்தில் உற்சாகப்படுத்தினார். பெரிய சார்ட்டில் எழுதி வகுப்பில் மாட்டினேன். பள்ளியின் பெயரை யாரிடமும் சொல்லாதே. போட்டோ அனுப்பாதே. நேரில் பார்க்காதவர் சொல்வதை நம்பாதே.

முதல் நாள் வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். முன் பெஞ்சில் உட்காருகிறவள். ஒரு காதில் மெஷின் வைத்திருந்தாள். அது தெரியாதபடி தலைமுடியைக் காதின்மேல் தழைய விட்டுப் பின்னியிருந்தாள். எதிரே நின்று, முகம் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் அவளுக்குப் பிடிபடும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மற்றப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை சொல்ல அவர்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. "ஒண்ணுமில்ல, விடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த "ஒண்ணுமில்ல"வை அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டிருப்பாளோ.

"டீச்சர், நேர்ல பாக்காதவங்க எல்லாரும் பொய்தான் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாரும்னு இல்லை. ஆனா யார் பொய், யார் நிஜம்னு நமக்குத் தெரியாது இல்லையா?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்குப் பின்புறத் தெருவில் அவளுடைய மாமா ஒரு நெட் கஃபே நடத்தினார். சாயந்திரம் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரை அவளுக்கு விட்டுக்கொடுப்பார். அங்கே உட்கார்ந்து மலேசியாவில் இருக்கும் ஒரு பெண்ணோடு ஆறேழு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரே வயது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். வீட்டில் என்ன சமையல், எந்த டீச்சர் திட்டினார், பூனை எத்தனை குட்டி போட்டது, எல்லாம்.

"அவகிட்ட நான் மெஷின் போட்டிருக்கிறதைச் சொல்லல டீச்சர். அவளுக்கு நான் சாதாரணப் பிள்ளை."

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். என் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கு வயதுப் பெண், முகம் தெரியாத ஆள், ஆறேழு மாதம். நான் படித்த கட்டுரைகளில் எல்லாம் இப்படித்தான் தொடங்கியது. போட்டோ பார்த்திருக்கிறாயா என்றேன். இல்லை. குரல் கேட்டிருக்கிறாயா? இல்லை.

"ஒரு தடவை போன்ல பேசச் சொல்லு. உனக்குக் கேக்கலைன்னா மாமா கேட்டுச் சொல்லட்டும். நிஜமான பொண்ணா இருந்தா பேசறதுக்கு என்ன கஷ்டம்?"

மறுநாள் சாயந்திரம் நானும் கஃபேக்குப் போனேன். மாமா நாகர்கோவில்காரர். விஷயத்தைக் கேட்டதும் பயந்துவிட்டார். "பிள்ளை பாட்டுக்கு ஒரு மூலையில இருக்குன்னுதான் டீச்சர் நான் நினைச்சேன். நம்பர் வாங்கட்டும். நானே பேசிப் பாக்கேன்" என்றார்.

அவள் தட்டினாள். பதில் வர நேரமாயிற்று. போன் வேண்டாம், இதிலேயே பேசலாம் என்று வந்தது. இரண்டாம் நாள் கேட்டபோது, வீட்டில் போன் கெட்டுவிட்டது என்று வந்தது. அடுத்த முறை கேட்டதும் அந்த மலேசியப் பெண் பதிலே இல்லாமல் இணைப்பிலிருந்து போய்விட்டாள். மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

"யாரோ ஆம்பளைதான். குரல் வெளியே வந்துடும்னு பயம்" என்றார் மாமா.

"அவ அப்படி இல்ல டீச்சர்" என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் அவள் எதிரே உட்கார்ந்து, அவளுக்குப் புரியும்படி நிதானமாக எடுத்துச் சொன்னேன். கடைசியில் தலையாட்டினாள். 'நீ பொய்' என்று ஒரே வரி தட்டி அனுப்பிவிட்டு, அந்தப் பெயரைத் தடை செய்தாள். எப்படிச் செய்வது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். என் திட்டத்துக்கு இது நல்ல உதாரணம் என்று பேராசிரியை சொன்னார். பெயர் குறிப்பிடாமல் அறிக்கையில் சேர்த்தேன்.

நவம்பர் கடைசியில் பயிற்சி முடிந்து, அறிக்கையில் தலைமையாசிரியையின் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். ஆபீஸ் வாசலில் ஒரு நடுத்தர வயதுக்காரரும் பள்ளி வயதுப் பெண் ஒருத்தியும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் பேசிய தமிழ் பியூனுக்குச் சரியாகப் புரியவில்லை. பியூன் என்னைக் கூப்பிட்டார்.

"நாங்க மலேசியாவிலேருந்து வர்றோம் டீச்சர். கோயில் பார்க்க வந்த குரூப். எங்க பொண்ணுக்கு இந்த ஸ்கூல்ல ஒரு கூட்டாளி இருக்கா. கொஞ்ச நாளா பேசறதில்லை. அவளுக்கு ஏதும் ஆயிடுச்சோன்னு இவ பயப்படறா."

பக்கத்தில் நின்ற பெண் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு காதுகளிலும் மெஷின் இருந்தது.

"இவளுக்குப் பிறவியிலேயே கேக்காது. பேச்சும் சரியா வராது. கம்ப்யூட்டர்லதான் நல்லாப் பேசுவா. இந்தக் கூட்டாளிகிட்ட அதைச் சொல்லலையாம். போன்ல பேசுன்னு அவ கேட்டப்போ இவளுக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. ரெண்டு நாள் சாப்பிடலை" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. பள்ளியின் பெயரை எங்கள் பெண் எப்போதோ சொல்லியிருந்தாளாம். என் சார்ட்டின் முதல் விதியை அவள் முன்பே மீறியிருந்ததால்தான் இவர்களால் வர முடிந்தது.

ஒன்பதாம் வகுப்புக்குப் போய் அவளை வெளியே அழைத்தேன். வராந்தாவில் வைத்து, யார் வந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவளுக்கும் காது கேட்காது என்று சொன்னேன். முதலில் புரியாதவள்போல் பார்த்தாள். இரண்டாம் தடவையும் சொன்னேன். அவள் கை தானாகப் போய்க் காதின் மேலிருந்த முடியை இன்னும் கீழே இழுத்துவிட்டது.

"நான் அவளைப் பொய்னு எழுதினேனே, டீச்சர்."

"வா. நான் பேசறேன்."

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். வந்தவள் முதலில் சிரித்தாள். தன் காதைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள், இதுதான் விஷயம் என்பதுபோல. எங்கள் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "ஸாரி" என்றாள். "ஸாரி, ஸாரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குனிந்த முகத்திலிருந்து வந்த அந்த வார்த்தையை எதிரே நின்றவளால் பார்க்க முடியவில்லை. முகத்தை நிமிர்த்து என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வந்தவளுக்கு இது என்னவாகத் தெரிந்ததோ. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

நான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். போன் யோசனை என்னுடையது என்றும் சொன்னேன். "பரவாயில்லை டீச்சர், நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். கன்னியாகுமரி போகும் வேன் காத்திருந்தது. அவர்கள் கேட்டைத் தாண்டியபோது அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எங்கள் பெண் அப்போதும் குனிந்துதான் நின்றாள்.

வேன் போன பிறகு, "நானும் என் மெஷினைக் காட்டியிருக்கலாம் டீச்சர்" என்றாள்.

அன்று சாயந்திரமே தடையை எடுத்தாள். எல்லாவற்றையும் விளக்கி நீளமாக ஒரு செய்தி அனுப்பினோம். பதில் வரவில்லை. பிறகும் பல நாள் அனுப்பிப் பார்த்தாள் என்று மாமா சொன்னார். கோடை விடுமுறைக்குள் அவரும் கஃபேயை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

நான் ஆசிரியையாகி எத்தனையோ வகுப்புகளில் அதே பாடத்தை நடத்தினேன். விதிகளை மாற்றவில்லை, மாற்ற எனக்குத் துணிச்சலும் இல்லை. போட்டோ அனுப்பி மாட்டிக்கொண்ட பிள்ளைகளை அதற்குள் பார்த்திருந்தேன். ஆனால் போனில் பேச மறுத்தால் ஆள் பொய் என்று மட்டும் பிறகு எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

சில வருடம் கழித்து அவளைக் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். முடியை இறுக்கி வாரிப் பின்னால் கட்டியிருந்தாள்; மெஷின் நன்றாகத் தெரிந்தது. எதிரே போய் நின்றதும் அடையாளம் கண்டு சிரித்தாள். படிப்பைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் சொன்னாள். அந்தச் சிநேகிதி பிறகு எப்போதாவது வந்தாளா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'ஆனா'வை மலையாளத்தில் சொல்லி, "பட்சே டீச்சர் சொன்னது சரிதான். யாரா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று புரிந்தது. ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. அவள் அதன் போர்டைப் பார்த்துவிட்டு ஓடி ஏறினாள்.