குறுக்குக் கோடு போட்ட ஏழு

1. மழை ஐந்து நாள் விடாமல் பெய்தது.
2. மலைப்பாதை சரிந்துவிட்டது. மேலே போன ஆட்கள் பாதியிலேயே திரும்பினார்கள்.
3. மூணாற்று மலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு எண் எழுதும் அப்பாவிடமிருந்து சேதி இல்லை.
4. அம்மா சோறு இறங்கவில்லை என்றாள். நானும் தட்டைத் தள்ளினேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. மலை உச்சியிலிருந்து எங்கள் ஊரான போடிக்கு இரண்டு வழிகள் இருந்தன. பெட்டிகள் இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு ஆகாயத்திலேயே அடிவாரத்துக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டி. காலையில் கிளம்பினால் பிற்பகலில் ஊருக்குள் இருக்கும். மனிதர்களைக் கம்பியில் ஏற்றுவதில்லை. விடியலில் நடக்கத் தொடங்கும் அப்பா விளக்கு வைத்த பிறகுதான் வீடு சேர்வார். அவரைவிட அவர் எழுத்துக்குக் கால் அதிகம் என்று எங்கள் வீட்டில் ஒரு கேலி உண்டு.

ஆறாம் நாள் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. போடியில் தேயிலைச் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் பெட்டி இறக்கும் வேலை.

"ஏ ஆத்தா, கெளம்பு. கம்பி ஓடிருச்சு. உங்கப்பா எழுதுனாகளான்னு நீயே வந்து பாரு."

கிட்டங்கி மூலையில் ஒரு பெட்டி. அதில் ஒரு ஏழு. ஒன்று என்று யாரும் தவறாகப் படிக்கக் கூடாதென்று அப்பா ஏழின் நடுவே குறுக்குக் கோடு போடுவார். இதிலும் கோடு இருந்தது. நான் வீடுவரை ஓடினேன்.

"அப்பா இருக்காகம்மா! ஏழு வந்துருச்சு!"

பின்னால் வந்த மாமாவை அம்மா ஒரு கணம் பார்த்தாள். பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியை அவரிடம் நீட்டி, "கட்டைவெரல்ல மையி. தொடச்சுட்டு வா, சாப்புடலாம்" என்றாள். வண்டி மை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். அம்மா இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் அப்பா வேறொரு மலைமுகட்டைச் சுற்றி, செருப்பில்லாமல், வீங்கிய காலோடு வந்து சேர்ந்தார். நான் முதலில் சொன்னது அந்த ஏழைப் பற்றித்தான்.

"மழை புடிச்சதுலருந்து கம்பியே ஓடலயே, தாயி. எந்த ஏழு?"

"ஏன் மச்சான், வந்ததும் வராததுமா கணக்குக் கேக்குறீக? மொதல்ல கால் கழுவுங்க" என்றார் மாமா. அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். பாவம், அப்பாவுக்கு மறதி என்று நான் முடிவு கட்டினேன்.

இப்போது நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். அதில் மூணாறும் போடியும் ஒரு விரல் தள்ளி இருக்கின்றன. கம்பியின் நேரம், பாதையின் நேரம் இரண்டையும் என்னால் கணக்கிட முடியும். மாமாவின் விரலில் இருந்தது வண்டி மை அல்ல என்று, துணியை நீட்டியபோதே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், நான் சாப்பிட வேண்டுமென்று, தொண்டையில் இறங்காத சோற்றை இரண்டு முறை போட்டுக்கொண்டாள் என்பதை எட்டு வயதில் கணக்கிடத் தெரியவில்லை.

அப்பா நலம். மழைக்காலத்தில் கால் வலிக்கிறது. மாமா அதே கிட்டங்கியில் இருக்கிறார். அந்தப் பெட்டியைப் பற்றி நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை.