அரசியைக் கூப்பிட்ட டவாலி

கடலூர் கோர்ட்டில் நான் டவாலி. வெள்ளை உடுப்பு, தோளில் சிவப்புப் பட்டை. வராந்தாவில் நின்று சாட்சிகளின் பெயரை மும்மூன்று முறை கூப்பிடுவது என் வேலை. என் குரல் தேவனாம்பட்டினம் வரை கேட்கும் என்று ஊரில் பேச்சு. பேசியது பெரும்பாலும் நான்தான்.

அறுபத்தாறாம் வருஷம். அரிசிக்கு ஊரே அலைந்துகொண்டிருந்தது. சைக்கிள் கடை ஞானசேகரன், அரிசி பதுக்கிய வியாபாரி மேல் நடக்கும் கேஸை நாடகமாக எழுதினார். சர்க்காரை நாலு பக்கத்துக்குக் கேள்வி கேட்கும் வக்கீல் வேஷம் அவருக்கு. கோர்ட்டிலேயே பிழைப்பவன் என்பதால் நீதிபதி வேஷம் எனக்குத்தான் என்று நம்பிப் போய் நின்றேன்.

"நீ டவாலி," என்றார்.

"அத தெனமும் பண்றேனே, மாமா!"

"அதான் மச்சான், ஒனக்கு ஒத்திகையே வேணாம்."

நாடகம் போட போலீஸ் அனுமதி வேண்டும். படித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். வக்கீல் பேச்சில் தொடக்கத்தில் இருந்த "கனம் நீதிபதி அவர்களே"யும் கடைசியில் இருந்த "நன்றி"யும் மட்டும் பிழைத்திருந்தன. என் வசனத்தில் யாரும் கை வைக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

சிதம்பரம் மேலவீதியில் பந்தல் நிறைந்த கூட்டம். முன்வரிசையில் சப்-இன்ஸ்பெக்டர். அன்று காலை ரேஷன் கியூவில் நின்று வெறும் பையோடு திரும்பியிருந்தேன். பஸ் ஏறும்போது என் மனைவி மாரியம்மாள், "செதம்பரத்துலயாவது அரிசி கெடைக்குதா பாருங்க," என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

மேடையில் நீதிபதி சாட்சியை அழைக்கச் சொன்னார். சாட்சி, வியாபாரியின் மகள். பெயர் அரசி. புடவை கட்டிய ராமாமிர்தம் திரைக்குப் பக்கத்தில் தயாராக நின்றான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அரிசி! அரிசி! அரிசி!"



"வரல!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"ஸ்டாக் இல்லியாம்!" என்றான் இன்னொருவன்.

அவ்வளவுதான். விசில் பறந்தது. கூட்டம் என் குரலில் மயங்கிவிட்டது என்று நினைத்து, பூரித்துப்போய் இன்னும் மூன்று முறை கூப்பிட்டேன்.

நாடகம் முடிந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"யார்யா ஒனக்கு இத எழுதிக் குடுத்தது?"

"யாரும் இல்லீங்க. வாய் தவறிடுச்சு."

"ஆறு வாட்டியுமா?"

கியூவில் நின்றது, மாரியம்மாள் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வூட்லயும் அதான் சொல்லி அனுப்புனாங்க. போய்யா," என்றார்.

வெளியே முன்பின் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "இன்னா தைரியம்!" என்றார்கள். நாலு பக்கத்தைப் பறிகொடுத்த ஞானசேகரன் பஸ்ஸில் கடலூர் வரைக்கும் என்னிடம் பேசவில்லை. சர்க்கார் ஊழியன் அரசியல் பேசக் கூடாது என்று ஆபீஸில் எச்சரித்தார்கள். நான் பேசியது அரசியல் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மாரியம்மாள் சிரித்தாள். "கியூவுல பூந்தவன தள்ளி நில்லுன்னு சொல்ல வாய் வரல. நீங்க சர்க்கார கேட்டீங்களாக்கும்!"

அடுத்த வருஷம் தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது. நெல்லிக்குப்பத்தில் மறுபடி நாடகம். நாலு பக்கமும் வெட்டில்லாமல் திரும்பி வந்த சந்தோஷத்தில் ஞானசேகரன், "போன தடவ மாதிரியே கூப்பிடு மச்சான்," என்றார். ஒரு வாரம் வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினேன். மேடையில் இடுப்பில் கைவைத்து, கண்ணை உருட்டி, "அரிசி!" என்று முழங்கினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் கரும்பு வண்டிக்காரர் ஒருவர் எனக்காகப் பரிதாபப்பட்டு எழுந்தார். "அண்ணே, அரிசி இல்ல, அரசி. அந்தப் பொண்ணு அங்க நிக்குது பாருங்க."

திரும்பினேன். ராமாமிர்தம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

"வாம்மா," என்றேன்.